சிக்கலை யார் சுமப்பது?

பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பொது விடுமுறைகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. திறந்ததும் அடுத்த விடுமுறை எந்தத் தேதியில் வருகிறது என்பது பெரிய எழுத்தில் தெரியும். அதற்குக் கீழே அதன்பின் வரும் விடுமுறைகளின் பட்டியல். அமைச்சரின் படம் இல்லை, துறையின் வரலாறு இல்லை, ஓடிக்கொண்டே இருக்கும் அறிவிப்பு வரிகள் இல்லை. அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் ஒரு தேதியைத் தெரிந்துகொள்ள வருகிறார், தெரிந்துகொண்டு போய்விடுகிறார். பார்க்க எளிதாக இருக்கும் இந்தப் பக்கத்தின் பின்னால் கால் நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வும், அரசுத் துறைகளோடு நடந்த நீண்ட வாக்குவாதமும் இருக்கின்றன.

பயனரே முதன்மை என்று சொல்லாத நிறுவனம் இன்று இல்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில்கூட அந்த வாசகம் வந்துவிட்டது. ஆனால் பயனருக்கு என்ன தேவை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் பதில்கள் வெகுவாக மாறுபடுகின்றன. இந்தக் கேள்விக்குள் நுழைய லாரி டெஸ்லரின் ஒரு கருத்து நல்ல வழி. கணினியில் வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர். எந்தச் செயலிலும் குறைக்கவே முடியாத ஓரளவு சிக்கல் இருக்கிறது என்று 1980களின் நடுவில் அவர் வாதிட்டார். அந்தச் சிக்கலை ஒழிக்க முடியாது, இடம் மாற்ற மட்டுமே முடியும். தளத்தை உருவாக்குகிறவர் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாவிட்டால் பயன்படுத்துகிறவர் தலையில் அது இறங்கும். பயனர் தேவையை முன்னிறுத்தும் வடிவமைப்பு என்று எதைச் சொன்னாலும், அதன் உள்ளே இருப்பது இந்தச் சுமைப் பங்கீடுதான் என்பது என் கணிப்பு.

இணையம் பிறப்பதற்கு முன்பே இந்தத் துறையின் அடிப்படைகள் எழுதப்பட்டுவிட்டன. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கோல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் வெளியிட்ட கட்டுரை மூன்று விதிகளை முன்வைத்தது. பயன்படுத்தப் போகிறவர்களையும் அவர்களுடைய வேலையையும் தொடக்கத்திலேயே நேரில் அறிய வேண்டும். முன்மாதிரியை அவர்கள் கையில் கொடுத்து, என்ன நடக்கிறது என்று அளக்க வேண்டும். கண்ட குறையைத் திருத்தி மறுபடி சோதிக்க வேண்டும். இவை வெறும் பொதுப்புத்தி என்று தோன்றலாம். கட்டுரை ஆசிரியர்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. எனவே கணினி வடிவமைப்பாளர்களிடமே, நீங்கள் ஒரு கருவியை உருவாக்க என்னென்ன படிகளைப் பின்பற்றுவீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றையும் எழுதியவர்கள் சிறுபான்மைதான். பொதுப்புத்தி என்று நாம் நினைப்பது நடைமுறையில் பொதுவாக இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோல்டின் குழு இந்த விதிகளை ஏற்கெனவே ஒரு பெரிய வேலையில் சோதித்துப் பார்த்திருந்தது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டிக்காக ஐபிஎம் ஒரு குரல்வழிச் செய்தி அமைப்பை நிறுவியது. பல நாட்டு வீரர்கள், 12 மொழிகள், பயிற்சி கொடுக்க நேரமில்லை. நிரல் எழுதுவதற்கு முன்பே பயன்பாட்டுக் கையேட்டை எழுதி ஆட்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஆய்வகத்தின் நடைபாதையில் மாதிரியை வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கையேட்டில் விளக்க முடியாத எதுவும் அமைப்பிலேயே தவறாக இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். இன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துத் தளம் கட்டும் எந்த அலுவலகமும் செய்யக்கூடிய காரியம் இது. வேண்டியது ஒரு மேசையும், குறையைக் கேட்டுக்கொள்ளும் மனமும்.

பிறகு வந்தவர்கள் இந்தப் பாதையை அகலப்படுத்தினார்கள். டொனால்ட் நார்மன் 1988இல் எழுதிய நூல், கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் தடுமாறினால் குற்றம் கதவின் மேல்தான் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது. யாக்கோப் நீல்சன், 5 பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு தளத்தின் குறைகளில் சுமார் 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று 2000இல் எழுதினார். ஜேரட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் மறுத்தார்கள்: பெரிய விற்பனைத் தளங்களில் தாங்கள் செய்த சோதனையில் முதல் 5 பேர் கண்டுபிடித்தது 35 விழுக்காடு மட்டுமே என்று 2001இல் காட்டினார்கள். எண்ணிக்கை பற்றிய இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் சோதனையே செய்யாத இடத்தில் 5 பேர் என்பது மிகப் பெரிய முன்னேற்றம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. பயனரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதும், அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதும் ஒன்றல்ல என்பதிலும் அனைவரும் ஒத்துப்போகிறார்கள். கேட்டால் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்பார்; பார்த்தால் எந்தப் பெட்டியில் விரல் நின்றுவிடுகிறது என்று தெரியும்.

இந்த எண்ணங்கள் ஓர் அரசையே மாற்ற முடியும் என்று காட்டியது பிரிட்டன். அங்கே துறைக்கு ஒன்று, துணை அமைப்புக்கு ஒன்று என நூற்றுக்கணக்கான தளங்கள் இருந்தன. 2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் அமைச்சர் பிரான்சிஸ் மாடுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மெதுவான சீர்திருத்தம் போதாது, மக்கள் வந்து சேரும் வாசல் ஒன்றாக வேண்டும், அதன் பயன்பாட்டு அனுபவத்தின் மீது முழு அதிகாரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2011இல் மைக் பிராக்கன் தலைமையில் அரசு மின்னணுச் சேவைப் பிரிவு தோன்றியது. 2012 அக்டோபர் 17 அன்று கவ்.யூகே என்ற ஒரே தளம் பழைய இரு பெரும் தளங்களுக்குப் பதிலாக வந்தது. அடுத்த ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளின் உள்ளடக்கம் அதற்குள் போய்ச் சேர்ந்தது. 2013இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அதை ஆண்டின் சிறந்த வடிவமைப்பாகத் தேர்ந்தெடுத்தது. அலங்காரமே இல்லாத, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து மட்டும் கொண்ட ஒரு தளத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது பலரை வியக்க வைத்தது. அந்த எழுத்துருவுக்கும் ஒரு பின்னணி உண்டு. பிரிட்டனின் சாலைப் பலகைகளை வடிவமைத்த இருவருள் ஒருவரான மார்கரெட் கால்வர்ட், அந்தப் பலகை எழுத்தின் வழிவந்த புதிய வடிவத்தை ஹென்ரிக் குபெலோடு சேர்ந்து உருவாக்கினார். வேகமாகப் போகிற வண்டியிலிருந்து படிக்கவென்று பிறந்த எழுத்து, அவசரத்தில் படிக்கிறவருக்காக இணையத்துக்கு வந்தது.

அந்தப் பிரிவு 2012இல் வெளியிட்ட பத்து வடிவமைப்புக் கோட்பாடுகளில் முதலாவது பயனர் தேவையிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அரசின் தேவையிலிருந்து அல்ல என்று அழுத்தியும் சொல்கிறது. நான்காவது, எளிமையாக்கும் கடின உழைப்பை நாமே செய்ய வேண்டும் என்கிறது. டெஸ்லர் சொன்ன சுமையை அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட வரி என்று அதை நான் வாசிக்கிறேன். அந்த ஒப்புதல் சின்னச் சின்ன முடிவுகளில் தெரிகிறது. ஒன்பது வயதுக் குழந்தையின் வாசிப்புத் திறனுக்கு எழுதச் சொல்கிறார்கள். பெரியவர்களைக் குறைத்து மதிப்பிட்டதால் அல்ல, கவலையோடும் களைப்போடும் வருகிறவருக்கும் எளிய மொழி வேகமாகப் புரியும் என்பதால். ஒரு பக்கத்தில் ஒரு கேள்விதான். பிறந்த தேதிக்கு நூறு ஆண்டுகளை உருட்டும் பட்டியல் கிடையாது, மூன்று சிறு பெட்டிகளில் தட்டச்சு செய்தால் போதும். தொலைபேசி எண்ணை இடைவெளி விட்டு எழுதினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இடைவெளியை நீக்குவது கணினிக்கு நொடியில் முடிகிற வேலை, அதை மனிதரைச் செய்யச் சொல்லக் கூடாது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற பக்கத்தையே வேண்டாம் என்றார்கள். அது தேவைப்படுகிறது என்றால் முதன்மைப் பக்கம் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

இவற்றை எழுதிவைப்பது எளிது. துறைகளின் ஒப்புதலைப் பெறுவதுதான் கடினம். ஓர் அமைப்பு உருவாக்கும் எந்தக் கட்டமைப்பும் அந்த அமைப்பின் உள் தொடர்புகளின் நகலாகவே அமையும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். அரசுத் தளங்களைத் திறந்தால் அது கண்முன் தெரியும். மேலே உள்ள பட்டியல் துறையின் பிரிவுகளாக இருக்கும். கணவரை இழந்த பெண் ஒருவருக்கு ஓய்வூதியம், வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, நிலப் பட்டா எல்லாம் ஒரே துயரத்தின் பகுதிகள். அரசுக்கு அவை நான்கு அலுவலகங்கள். எந்த அலுவலகம் எதைச் செய்கிறது என்ற அறிவை அவரிடம் எதிர்பார்ப்பதே சுமையைத் தள்ளிவிடுவதன் முதல் படி.

இதே பிரிட்டன் பிரிவு தோற்ற இடமும் உண்டு. மக்கள் தங்கள் அடையாளத்தை இணையத்தில் உறுதிப்படுத்த வெரிஃபை என்ற சேவையை அது உருவாக்கியது. 2020க்குள் 2.5 கோடிப் பேர் பயன்படுத்துவார்கள் என்று இலக்கு வைத்திருந்தார்கள். 2019 பிப்ரவரியில் 36 லட்சம் பேர்தான் சேர்ந்திருந்தார்கள் என்றும், முயன்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கே அடையாளம் உறுதியானது என்றும் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை தந்தது. 2023இல் சேவை மூடப்பட்டது. கடன் வரலாறும் கடவுச்சீட்டும் இல்லாத ஏழைகளுக்குத் தம்மை யார் என்று நிரூபிப்பதே கடினமாக இருந்தது. எழுத்தும் பெட்டியும் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அவற்றின் பின்னாலுள்ள விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்காவிட்டால் வடிவமைப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் தோல்வி இன்னும் புகழ்பெற்றது. 2013 அக்டோபர் 1 அன்று மருத்துவக் காப்பீட்டுக்காக அந்தத் தளம் திறந்தது. லட்சக்கணக்கானோர் குவிந்தார்கள். முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். கூட்டம் அதிகம் என்பது மட்டும் காரணமல்ல. கணக்குத் தொடங்காமலே திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி திறப்புக்கு முன் கைவிடப்பட்டது. விலை என்ன என்று விசாரிக்க வந்தவர்கூட முதலில் கணக்குத் தொடங்கி அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. மொத்தக் கூட்டமும் அந்த ஒரே வாயிலில் நெரிந்தது. ஒரு சிறு குழு வந்து சில வாரங்களில் தளத்தை மீட்டெடுத்தது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2014 ஆகஸ்டில் அமெரிக்க மின்னணுச் சேவைப் பிரிவு தொடங்கப்பட்டது.

தனியார் தளங்களின் கதை வேறு. அங்கே பயனரைக் கூர்ந்து கவனிப்பதில் குறையில்லை. இணைப்பு வரிக்கு எந்த நீலம் அதிகம் சொடுக்க வைக்கிறது என்று கூகுள் 41 நீலங்களைச் சோதித்தது. கவனித்து அறிந்ததை யாருக்காகப் பயன்படுத்துவது என்பதே அங்கே கேள்வி. மனிதரின் மறதியையும் அவசரத்தையும் நன்கு அறிந்து அவருக்கு எதிராகவே அமைக்கும் வடிவங்களுக்கு ஹாரி பிரிக்னல் 2010இல் கறுப்பு உத்திகள் என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இத்தகைய 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பிரைம் சந்தாவில் சேர்ப்பதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கியதாக எழுந்த வழக்கில் அமேசான் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சொடுக்குகளின் எண்ணிக்கை தேவையின் அளவாகாது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் அணுகல் பற்றிய பகுதியை தளங்களைப் பற்றிய மதிப்பீடுகள் பலவும் கடைசியில் வைத்துச் சுருக்கமாகவே பேசுகின்றன. அது நியாயமல்ல. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் முதல் பதிப்பு 1999இலேயே வந்துவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2025இல் வெப்எய்ம் அமைப்பு பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 விழுக்காட்டில் பிழைகள் இருந்தன. மிகப் பரவலான பிழை, பின்னணியோடு கலந்துவிடும் மங்கலான எழுத்து. திருத்தச் சில நிமிடங்கள் போதும் என்ற நிலையிலுள்ள குறை இது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களில் என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. பார்வையற்ற இருவரே ஆஸ்திரேலியாவில் 2006இல் அதைத் தொடங்கினார்கள். தமிழிலும் வாசிக்கச் செய்யலாம். ஒரு தளத்தைத் திறந்து, கண்ணை மூடி, அதைக் கொண்டு விண்ணப்பம் முடிக்க முடிகிறதா என்று உருவாக்குகிறவர் ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். படமாக ஏற்றப்பட்ட அரசாணையும், பெயரிடப்படாத பொத்தானும் அப்போது தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் இது இப்போது உரிமைப் பிரச்சினை. வங்கிக் கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மின்னணு வழி அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. உயிருள்ளவர் என்பதற்குக் கண்சிமிட்டலைச் சான்றாக வைத்தவர் எவரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்திருக்க மாட்டார். தம்மைப் போன்ற உடலையே பயனராக மனத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பலரை வங்கிக்கு வெளியே நிறுத்தியது.

கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளமும் அப்படித்தான் தொடங்கியது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுவரையுள்ளோர் தடுப்பூசிக்கு இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்றானது. கைபேசி, இணைய இணைப்பு, ஓடிபி, ஆங்கிலம், வேகமான விரல்கள் எல்லாம் வேண்டியிருந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் காலியிடம் வந்ததும் அறிவிக்கும் கருவிகளை உருவாக்கிக்கொண்டார்கள். தெரியாதவர்களுக்குத் திரையைத் தொடும் முன்பே இடங்கள் தீர்ந்தன. உச்ச நீதிமன்றம் மே 31 ஆணையில் இந்த மின்னணு இடைவெளியைச் சுட்டிக் கேள்வி எழுப்பியது. ஜூனில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதலில் தமிழ் விடுபட்டு, பிறகு வந்தது. கோடிக்கணக்கான ஊசிகளைக் கணக்கு வைத்த அந்தத் தளத்தின் தொழில்நுட்பச் சாதனை பெரியது. குறை, முதல் வடிவத்தை யாரை வைத்துக் கற்பனை செய்தார்கள் என்பதில் இருந்தது.

தமிழர்களுக்கு மிக அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம். படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் கேட்டு, இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம் வைத்திருக்கிறது. ஒருவர் இனிஷியலை எழுதுகிறார், இன்னொருவர் அப்பாவின் முழுப்பெயரை எழுதுகிறார், வேறொருவர் தன் பெயரையே இரு முறை எழுதுகிறார். ஒற்றை எழுத்தைச் சில தளங்கள் பிழை என்று திருப்பியனுப்புகின்றன. பத்து ஆண்டு கழித்து ஆதார், கடவுச்சீட்டு, மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் ஒரே மனிதர் மூன்று பேராகிவிடுகிறார். விமான நிலையத்திலும் விசா அலுவலகத்திலும் அதற்குப் பதில் சொல்கிறார். ஈழத்திலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன குடும்பங்களில் அப்பாவின் பெயர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. எல்லாப் பெயர்களும் இந்த இரு பெட்டிகளுக்குள் அடங்குவதில்லை என்று உணர்ந்து, முழுப்பெயருக்கு ஒரே பெட்டி வைக்கச் சொல்கிறது கவ்.யூகேயின் வடிவமைப்பு வழிகாட்டி. சென்னையிலும் டெல்லியிலும் வடிவமைக்கப்படும் படிவங்கள் நம் பெயரை நமக்கே அந்நியமாகக் கேட்பதை ஏன் இன்னும் பொறுத்துக்கொள்கிறோம்?

இங்கே இன்னொரு உண்மையையும் ஆய்வுலகம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். நம் ஊர்களில் படிவத்தை நிரப்புகிறவரும் அதன் பயனைப் பெறுகிறவரும் பல நேரங்களில் வேறு வேறு ஆட்கள். வருமானச் சான்றோ சாதிச் சான்றோ வேண்டுமென்றால் மக்கள் இ-சேவை மையத்துக்கோ பிரௌசிங் சென்டருக்கோ போகிறார்கள். விசைப்பலகையில் இருப்பவர் அங்கே வேலை பார்க்கும் பெண். பக்கத்தில் பையிலிருந்து ரேஷன் அட்டையை எடுத்துக்கொண்டிருப்பவர் விண்ணப்பதாரர். ஓடிபி வருவதோ மூன்றாவது ஊரில் வேலை செய்யும் மகனின் கைபேசிக்கு. அவன் போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்து தளம் வெளியேற்றிவிடுகிறது. புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்றால் அதைச் சுருக்கத் தனிக் கட்டணம். படத்தைச் சுருக்குவது தளத்தின் கணினி தானாகச் செய்துகொள்ளக்கூடிய வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் கூலி வேலைக்குப் போகிறவரின் சட்டைப்பையிலிருந்து பணம் போகிறது. டெஸ்லர் சொன்ன சிக்கல் கடைசியில் வந்து இறங்கும் இடம் இதுதான்.

அந்த மையங்களில் இருப்பவர்கள் இந்தத் தளங்களைப் பற்றி எவரையும்விட அதிகம் அறிந்தவர்கள். எந்தப் பக்கத்தில் கிராமத்தின் பெயர் பட்டியலில் வராது, எந்த நேரத்தில் சர்வர் நிற்கும், எந்தப் பெட்டியை நிரப்பும்போது முதியவர்கள் விழிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பிரிட்டன் பிரிவு, தாமாகப் பயன்படுத்த முடியாதவர்களுக்கான உதவியையும் சேவையின் பகுதியாகவே வடிவமைக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறது. நம்மிடம் அந்த உதவி ஊர் ஊராக ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தளத்தின் குறையை ஈடுகட்டும் ஏற்பாடாக அல்லாமல், தளத்தைத் திருத்தும் அறிவின் ஊற்றாகப் பயன்படுத்தலாம். நார்மன் 2005இல் எழுதிய ஒரு கட்டுரையில், தனி மனிதரைவிட அவர் ஈடுபட்டிருக்கும் செயலை மையமாக வைக்கச் சொன்னார். மூன்று பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பத்தை முடிக்கும் இ-சேவை மையத்தில் அந்தக் கருத்துக்குத் தனி வலிமை இருக்கிறது. வேறொருவருக்காக நிரப்புகிறேன் என்று சொல்ல ஒரு வழி, ஓடிபிக்குக் கூடுதல் நேரம், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, தலைப்புகளோடு பிழைச் செய்தியும் தமிழில், இந்த நான்கும் புதிய தொழில்நுட்பம் எதையும் கேட்கவில்லை.

இதற்குப் பணத்தைவிட முன்னுரிமைதான் வேண்டியிருக்கிறது. ஒப்பந்தப்புள்ளிகள் எத்தனை பக்கங்கள், என்ன சர்வர், என்ன பாதுகாப்பு என்று விரிவாகக் கேட்கின்றன. எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் உதவியின்றி விண்ணப்பத்தை முடித்தார்கள் என்ற கேள்வி அவற்றில் கட்டாய வரியாக வேண்டும். ஒவ்வொரு சேவையிலும் தொடங்கியவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்ற எண்ணிக்கையைத் துறைகள் மாதந்தோறும் வெளியிட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், ஒரு புதிய தளத்துக்கு ஒப்புதல் கையெழுத்திடப் போகும் அதிகாரியும் அதை எழுதிய நிரலாளரும் ஒரு வேலைநாள் முழுவதும் ஏதேனும் ஒரு வட்டத் தலைநகரின் இ-சேவை மையத்தில் இயக்குபவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதுவும் பேசாமல் பார்த்துவிட்டு வரட்டும். கையெழுத்தை அதற்குப் பிறகு போடட்டும்.